ஆணி அடிக்கக் கூடாத வீடு

ஒரு வீட்டுக்கு எத்தனை ஆணி வேண்டும் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. ஆணியே அடிக்கக் கூடாது என்ற பேச்சுக்குத் தலையாட்டி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்த பிறகு, இரண்டு மாதம் வேறு எதையும் யோசிக்கவில்லை.

வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து இரண்டு சந்து உள்ளே. கீழே வீட்டுக்காரம்மாவும் அவர் கணவரும். மாடியில் எனக்கு ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. பக்கத்தில் பம்புக்கு உதிரி பாகம் செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில், வந்த சாமான்களை அளந்து பார்த்து நல்லது, கழித்தது என்று பிரித்து வைப்பது என் வேலை. எட்டு வருடமாக ஹாஸ்டலில் ஒரு பெட்டியும் ஒரு பக்கெட்டுமாக இருந்தவள். எனக்கு மட்டும் என்றால் அந்த பக்கெட்டே போதும். வீடு பார்த்தது அம்மாவுக்காக.

அம்மா வால்பாறையில் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனால் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அப்பா அதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். அம்மா சாவியை ஒப்படைத்துவிட்டு, அடுத்த எஸ்டேட்டில் சித்தியின் லைன் வீட்டில், ஏற்கெனவே படுத்திருந்த ஆறு பேரோடு ஏழாவதாகப் படுத்துக்கொண்டிருந்தாள். என்கூட வந்துவிடு என்று போனில் கெஞ்சினால், "வந்து பாக்குறேன். வீடு வீடா இருந்தா இருக்கேன். இல்லாட்டி சித்தி கூடவே இருந்துக்கிறேன்" என்றாள். எனக்கு அவள் வேண்டும். பதினெட்டு வயதில் மலை இறங்கிய பிறகு சேர்ந்தாற்போல் ஒரு வாரம் அவளோடு நான் இருந்ததில்லை. ஆகவே வீட்டை வீடாக்கிக் காட்ட வேண்டும், அதுவும் முன்பணம் கொடுத்தது போக மிச்சமிருந்த சில்லறையில்.

வீடு கிடைத்ததே பெரிய பாடு. "எந்த ஊருங்க அம்மணி?" என்பார்கள். வால்பாறை என்றால், "எஸ்டேட்டுங்களா?" என்பார்கள். பிறகு மிக மரியாதையாக, "சொல்லியனுப்பறமுங்க" என்பார்கள். இன்றுவரை யாரும் சொல்லியனுப்பவில்லை. இந்த வீட்டுக்காரம்மா மட்டும் எஸ்டேட்டைக் காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய கவலை வேறாக இருந்தது.

"கண்ணு, நெம்பப் பேரு வந்து கேட்டாங்க. எனக்குப் பெருசா ஒண்ணும் இல்லீங்க. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கப்படாது."

"சரிங்கம்மா."

"ஸ்க்ரூவும் ஆணிதானுங்க."

"சரிங்கம்மா."

"குண்டூசி?" என்று அவரே கேட்டு, கொஞ்ச நேரம் யோசித்து, "அதும் வேண்டாங்க" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

இந்தச் சுவர்களைக் கட்டியபோது காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நனைத்தது அவர்தானாம். எந்தச் சுவர் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். ஹாலில் மட்டும் ஒரே ஒரு ஆணி இருந்தது. முன்னால் குடியிருந்தவர், வீட்டுக்காரம்மா ஊரில் இல்லாத நேரம் பார்த்து அடித்தது. "அதை அடிச்சப்புறந்தானுங்க எங்கூட்டுக்காரருக்கு முட்டி வலி வந்துச்சு" என்றார். வீட்டுக்காரர் பின்னால் நின்று ஆமாம் என்பதுபோல முட்டியைத் தடவிக்கொண்டார். பிடுங்கினால் ஓட்டை இன்னும் பெரிசாகும் என்று அதை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள்.

நான் சந்தோஷமாகச் சரி என்றேன். ஆணியாவது கீணியாவது, வீடு கிடைத்ததே என்று இருந்தது. புத்தி வந்தது சாமான் வாங்க ஆரம்பித்த பிறகுதான்.

முதலில் காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையில் மிச்சத் துண்டாகக் கிடந்த திரைத்துணி வாங்கினேன். மயில் படம். துண்டு என்பதால் ஒரு ஜன்னலுக்கு மயிலின் தலையும் மறு ஜன்னலுக்கு வாலும் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கம்பி மாட்ட ஆணி வேண்டுமே. கடைசியில் துணியின் மேல் விளிம்பை ஜன்னல் கதவின் சந்தில் திணித்து மூடினேன். மயில் தெரிய வேண்டுமென்றால் காற்று வராது. காற்று வேண்டுமென்றால் மயில் தரையில் கிடக்கும்.

அடுத்தது கண்ணாடி. பழைய சாமான் கடையில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஒரு நல்ல கண்ணாடி கிடைத்தது. மாட்ட முடியாததால் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்தேன். நின்று பார்த்தால் என் முழங்கால்கள் இரண்டும் அழகாகத் தெரிந்தன. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலை வாரி, பொட்டு வைத்து, எழுந்து போவேன். சேலை மடிப்பு எப்படி இருக்கிறது என்று கம்பெனியில் யாராவது சொன்னால்தான் உண்டு.

ஹாலில் போட்ட கட்டிலின் கொசுவலைக்கு நான்கு மூலை, நான்கு ஆணி. ஒரு மூலையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். இரண்டாவதைக் கதவின் தாழ்ப்பாளில். மூன்றாவதைப் பரணில் ஏற்றி வைத்த என் பெட்டியின் கைப்பிடியில். நான்காவதற்கு ஒன்றுமே கிடைக்காமல், கேஸ் சிலிண்டரை உருட்டி வந்து, அதன் கழுத்தில் துடைப்பத்தைச் செங்குத்தாகக் கட்டி, துடைப்பத்தின் உச்சியில் வலையைக் கட்டினேன். சமைக்கும்போது வலையை அவிழ்க்க வேண்டும். தூங்கும்போது சமைக்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் யார் செய்யப் போகிறார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பால் காய்ச்சும் நாள் வந்தது. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நான்கு பெண்களை மட்டும் கூப்பிட்டிருந்தேன். நான்கு பேரும் தனித்தனியாக வந்தார்கள். நான்கு பேர் கையிலும் பளபளப்புக் காகிதம் சுற்றிய சதுரப் பெட்டி. பிரிக்கப் பிரிக்க என் முகத்தில் ஈயாடவில்லை. நான்கும் சுவர்க்கடிகாரம்.

ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு, இதுதான் இல்லாம இருந்துச்சு" என்று நான்கு தரம் சொன்னேன். நான்கையும் கட்டிலின் மேல் மல்லாக்கப் படுக்க வைத்தேன். அவை வரிசையாகப் படுத்துக்கொண்டு கூரைக்கு மணி காட்டின. "ஏன்டி இதை எல்லாம் மாட்ட மாட்டியா?" என்றாள் ஒருத்தி. "மாட்டலாம் மாட்டலாம்" என்றேன்.

பால் பொங்கும் நேரத்துக்கு வீட்டுக்காரம்மா படியேறி வந்தார். அவர் கையிலும் ஒரு சதுரப் பெட்டி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே, கையில் வேலோடு முருகன் நிற்கும் கடிகாரம், மற்ற நான்கையும்விடப் பெரிசு.

"கடிகாரம் இல்லாத ஊடு ஊடாங்க கண்ணு?" என்று சொல்லிக்கொண்டே நேராக நடந்து, அந்த ஒரே ஆணியில் மாட்டிவிட்டார். பேட்டரியும் அவரே போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாட்டிய கையோடு மணி பத்தானது. கடிகாரம் ஒரு கோவில் மணிச் சத்தம் போட்டு, கரகரத்த குரலில் "ஓம்" என்றது. அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று முதல் மணிக்கொரு ஓம். கீழே அவர் அதைக் கேட்டுத்தான் அரிசி களைந்தார், அதைக் கேட்டுத்தான் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு நாள் நான் தலைவலி தாங்காமல் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அடுத்த மணி தவறியதும் படியில் காலடி கேட்டது. "ஏனுங்க அம்மணி, கடிகாரம் சத்தத்தையே காணமுங்க? பேட்டரி தீந்துபோச்சுங்களா? இந்தாங்க" என்று புது பேட்டரியோடு நின்றார். இந்த மனுஷியிடம் எப்படிக் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அம்மா போனில் கேட்டாள், "அப்பாவை எங்க மாட்டுவ?"

வால்பாறையில் எங்கள் லைன் வீட்டில் அப்பாவின் படம் கதவைத் திறந்ததும் எதிரே இருந்தது. கண்ணாடி போட்ட படம், சந்தனச் சீவல் மாலை. எஸ்டேட் அடையாள கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியது என்பதால், பயந்தவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு சுவர் இல்லாத இடத்தை அம்மா வீடு என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹால்ல ஆணி இருக்கும்மா" என்றேன். பொய் இல்லை. ஆணி இருந்தது. ஆணியில் முருகன் இருந்தார்.

"அப்ப ஞாயித்துக்கெழமை வாரேன்" என்றாள் அம்மா.

முருகனைக் கழற்றினால் வீட்டுக்காரம்மா கொடுத்த பரிசைக் கழற்றி எறிந்த மாதிரி. ஓம் நின்றால் அடுத்த நிமிடம் அவர் மேலே. அப்பாவை முருகனோடு ஒரே ஆணியில் தொங்கவிட முடியாது. போனவர்கள் படத்தைச் சாமி படத்தோடு சேர்த்து மாட்டினால் அம்மா வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவாள். தரையில் வைக்கக் கூடாது. சமையலறை அலமாரித் தட்டில் வைக்கக் கூடாது. நான் வீட்டுக்காரம்மாவிடம் போய் நேராகக் கேட்டிருக்கலாம். இப்போது எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு வீடுதான் "சொல்லியனுப்பறோம்" என்று சொல்லாத வீடு. அதைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நடைபாதைக் கடையில் ஒட்டும் கொக்கி விற்றார்கள். பின்னால் இருக்கும் காகிதத்தை உரித்து அமுக்கினால் போதும், ஆணியே வேண்டாம். "எவ்வளவு கனம் தாங்குங்க?" என்றேன். "ஆளே தொங்கலாங்க" என்றார் கடைக்காரர். எங்கள் கம்பெனியில் எதையும் சோதிக்காமல் உள்ளே விடுவதில்லை. ஆகவே அப்பாவின் படம் இருக்கும் கனத்துக்கு ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் போட்டு, கொக்கியில் மாட்டி, எதிரே உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து ஓம் வரைக்கும் உப்பு அசையவில்லை. ஆறாவதுக்கு விழுந்தது. உப்பு மட்டும் விழுந்திருந்தால் பெருக்கி எடுத்திருப்பேன். கொக்கியோடு சேர்ந்து உள்ளங்கை அகலத்துக்கு சுவரின் ரோஸ் பெயின்டும் அதற்கடியில் பூசிய பட்டியும் பெயர்ந்து வந்துவிட்டது.

ஒரு ஆணி அடித்திருந்தால் கடுகளவு ஓட்டை. ஆணி அடிக்கக் கூடாது என்ற பேச்சைக் காப்பாற்றி நான் செய்த வேலை சப்பாத்தி அளவு.

பெயின்ட் வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. பற்பசை இருந்தது. வெள்ளைப் பற்பசையில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்தால் ரோஸ் வரும் என்று எனக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். குழைத்து, கரண்டியால் பூசினேன். ஈரமாக இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. காய்ந்ததும் சுவருக்கு அம்மை போட்டது போலாகிவிட்டது. கோரைப்பாயைச் சுருட்டி அதன் முன்னால் நிமிர்த்தி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் படத்தைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாந்தி வந்தபோதுகூடப் பக்கத்து சீட்டில் வைக்கவில்லையாம். உள்ளே வந்து, நின்று, ஒரு சுற்றுப் பார்த்தாள். வால் மட்டும் உள்ள மயில், தரையில் கண்ணாடி, துடைப்பம் கட்டிய சிலிண்டர், கட்டிலில் படுத்திருக்கும் நான்கு கடிகாரம். ஆணியைத் தேடினாள். சரியாக அப்போது முருகன் "ஓம்" என்றார்.

"இதுதான் நீ சொன்ன ஆணியா?"

நான் கதையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது.

"ஒரு ஆணி அடிக்க முடியாத வீட்டுக்கு நான் எதுக்குடி?" என்றாள். சத்தம் போடவில்லை. "நாளைக்குக் காலம்பற பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "போ. போய் அங்க ஏழாவது ஆளாப் படு. நான் பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?" என்று கத்தினேன். கத்தியதும் அழுகை வந்தது. அம்மா, வீட்டில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் சேரில் ஒன்றைத் தன் முந்தானையால் துடைத்து, அதில் அப்பாவை உட்கார வைத்து, மாலையைச் சரிசெய்தாள். படம் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள்.

அம்மா வந்தது தெரிந்து வீட்டுக்காரம்மா ஒரு டப்பாவில் கச்சாயப் பலகாரத்தோடு மேலே வந்தார். "வாங்க அக்கா, பஸ்ஸுல அலுப்பா வந்திருப்பீங்க" என்று சொல்லிக்கொண்டே உட்காரச் சேரைத் திரும்பிப் பார்த்தவர், அங்கே ஆள் இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். ஒதுங்கியவரின் தோள் கோரைப்பாயில் பட்டது. பாய் சரிந்தது. சுவர் தெரிந்தது. இனிப்புப் பற்பசை அல்லவா, மேலிருந்து கீழ்வரை கட்டெறும்பு வரிசை வேறு.

கோவைப் பக்கம் கோபம் வந்தால் 'ங்க' கூடும். "இதென்னங்க அம்மணிங்க இதுங்க?" என்றார். மூன்று. நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

நடந்ததை நான் உளறினேன். கொக்கி, உப்பு, பற்பசை, குங்குமம். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேரைப் பார்த்தார்.

"உங்கூட்டு அண்ணனுங்களா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா. "அவ மேல கோவிச்சுக்காதீங்க. உங்க சுவரு, நீங்க வேணாம்னா வேணாம்தான். நாங்களும் கம்பெனி சுவத்துல குடியிருந்தவங்கதான். எங்களுக்குத் தெரியும்."

வீட்டுக்காரம்மா கச்சாய டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார். முன்பணத்தை எடுக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் சுத்தியலும் ஒரு ஆணியும் இருந்தன. பின்னால் வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார்.

"எந்த எடம்னு காட்டுங்க அக்கா" என்றார். "செவுத்துக்குச் செவுரு நான் தண்ணி ஊத்துனதுங்க. எங்க அடிச்சாத் தாங்கும்னு எனக்குத் தெரியும். நானே அடிச்சுப்போடறேன்." அந்தச் சுவரில் தன் கையால் ஆணி அடிப்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வேணாங்க" என்றாள்.

"அட, சும்மா சொல்லுங்க அக்கா."

"இல்லீங்க. மனசாரத்தான் சொல்றேன். அடிச்சா, என்னைக்காவது கழட்டணும். லைன் வீட்டுச் சாவி குடுக்கிற அன்னைக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டேன். கடைசியா இவரைக் கழட்டணும். ஆள் யாரும் இல்ல, நானேதான் ஏறிக் கழட்டினேன். சுவரு பூரா அடுப்புப் புகை. இவரு இருந்த எடம் மட்டும் சதுரமா வெள்ளையா இருந்துச்சு. இன்னொரு தடவை அதைச் செய்ய என்னால ஆகாது. இப்படியே உக்காரட்டுங்க. முப்பது வருசம் தேயிலைச் சரிவுல நின்னே வேலை செஞ்ச மனுசன். நாளைக்கு எங்க போனாலும் சேரோட தூக்கிட்டுப் போயிடலாம்."

வீட்டுக்காரர் ஸ்டூலை மெல்லக் கீழே வைத்து அதிலேயே உட்கார்ந்துகொண்டார். அந்தச் சாவி கொடுத்த நாளைப் பற்றி அம்மா என்னிடம் போனில் ஒரே வரிதான் சொல்லியிருந்தாள், குடுத்தாச்சு என்று. லீவு கிடைக்கவில்லை, அதனால்தான் வரவில்லை என்று நான் அப்போது சொன்னேன். கிடைக்காமல் இல்லை. நான் கேட்கவே இல்லை. அம்மா ஸ்டூல் மேல் தனியாக ஏறி நின்றதை நினைத்ததும் எனக்கு அந்த ஹாலில் நிற்கவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரம்மா மிச்சமிருந்த ஒரு சேரில் உட்கார்ந்தார். ஆணியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார். அம்மா கச்சாயத்தை ஒரு தட்டில் வைத்து, முதலில் ஒன்றை எடுத்து அப்பாவின் முன்னால் சேரில் வைத்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். பிறகு எங்கே உட்காருவது என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, கட்டிலில் கடிகாரங்களை ஒதுக்கி இடம் செய்துகொண்டாள். நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று மறுபடி கேட்பாளோ என்று நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு வேலை முடிஞ்சு வரும்போது இன்னொரு சேர் வாங்கிட்டு வா" என்றாள். "மூணு பேரு இருக்கிற வீட்டுல ரெண்டு பத்தாது."